படிக்க ஓர் இடம், படுக்க ஓர் இடம்

1

போன வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அவள் கணவருக்கு நகராட்சியில் சாலை வேலை. மகனுக்குக் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

"அக்கா, ஹாஸ்டல் உதவிக்கு எழுதிப் போட்டிருக்கோம். விசாரிக்க ஆபீசர் வீட்டுக்கே வருவாராமே. வந்தா என்னா சொல்லணும்? உங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னாங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. பயப்படாதே" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு எனக்குக் கை வேலை ஓடவில்லை. மெர்டேக்கா, அதுதான் இங்கே சுதந்திரம், கிடைத்த சில ஆண்டுகளுக்குள் எங்கள் வீட்டில் நடந்தது முழுவதும் மனத்தில் வந்து நின்றது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதலாம் என்று தோன்றியது. அயல்நாட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் பிள்ளைகளைச் சுலபமாகப் பெரிய படிப்புப் படிக்க வைத்துவிடுகிறார்கள் என்று அங்கே ஒரு நினைப்பு உண்டு அல்லவா?

மலாக்காவில் காஜா பெராங் என்ற பகுதியில், சாலையைப் பார்த்தாற்போல ஒரு பெரிய வீடு. தேவகோட்டைப் பக்கத்துச் செட்டியார் ஒருவர் கட்டியது. முன்கூடத்தில் பர்மாத் தேக்குத் தூண்கள், கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குத் தரை. செட்டியார் யுத்தத்துக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ள என் கணவர் கருப்பையாவை வைத்துவிட்டுப் போனார். நாங்கள் இருந்தது அடுக்களைக்குப் பின்னால் ஓர் அறையில். கட்டிலுக்கு இடம் கிடையாது. மூன்று பேருக்கும் பாய்தான். முன்கூடத்தைத் தினமும் துடைப்போம், அங்கே உட்கார மாட்டோம். உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்த விஷயங்களில் அதுவும் ஒன்று.

ஜப்பான்காரன் காலத்தில் அந்த வீட்டில் சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, கைக்குழந்தையோடு நாங்கள் பின்பக்கம் கிடந்தோம். அவர்கள் விறகுக்காக நாற்காலிகளை உடைக்கப் போனபோது என் கணவர் குறுக்கே போய் நின்று அடி வாங்கினார். இடது காது அன்றைக்குப் போனதுதான். சண்டை முடிந்து செட்டியார் ஒரு தடவை வந்து பார்த்தார். நாற்காலி ஒன்றுகூடக் குறையவில்லை. "நல்லாப் பாத்துக்கிட்டிருக்கே" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போனார்.

2

எங்களுக்கு ஒரே மகள். சரோஜா. மலாக்காவில் பிறந்தவள், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மலாய் பேசினால் மலாய்க்காரப் பிள்ளை பேசுவதுபோல இருக்கும். தமிழில் மட்டும் என்னிடம் பேசும்போது நடுவில் நின்று நின்று சொல் தேடுவாள். "அம்மா, அதுக்கு என்னா சொல்வாங்க?" என்று கேட்பாள். நான் சொல்வதற்குள் இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

பள்ளிப்படிப்பின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் தேறினாள். கோலாலம்பூரில் புதிதாகத் தொடங்கியிருந்த பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. அந்தச் சேதி வந்த அன்று என் கணவர் சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். எனக்கு வேறொரு கவலை. படிக்க இடம் கிடைத்தாயிற்று, படுக்க இடம்?

இந்தக் கவலைக்கு ஒரு காரணம் உண்டு. நான் நாகப்பட்டினத்துப் பெண். என் அண்ணன் சுந்தரத்துக்குத் திருச்சியில் கல்லூரியில் இடம் கிடைத்தபோது எனக்குப் பதினாலு வயது இருக்கும். உறையூரில் ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டில் தங்கச் சொல்லி அனுப்பினார்கள். "நம்ம வீடு மாதிரி இருந்துக்கடா" என்றார் சித்தப்பா. விடியலில் தண்ணீர் தூக்கினான். சித்தப்பா பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான். மாட்டுக்குத் தீனி வாங்கிவந்தான். மண்ணெண்ணெய் வீணாகிறது என்று விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிடுவார்களாம். யாரும் அவனை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. முதல் ஆண்டு முடிவில் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். படிப்பு ஏறவில்லை என்று ஊரில் சொன்னார்கள். அவனுக்கு ஏறாத படிப்பே கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

சரோஜாவுக்கு இடம் கிடைத்த சேதி பரவியதும், கோலாலம்பூர்ச் செந்தூலில் ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் கணவரின் தங்கை வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனிதர்.

"மச்சான், புள்ளைய நம்ம வீட்ல விடுங்க. அதுக்கும் படிப்பாச்சு, நம்ம பொடிசுங்களுக்கும் ஒரு துணையாச்சு."

'துணை' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உறையூர் ஞாபகம் வந்தது. கணவர் தலையாட்டினார். நான் அடுக்களையிலிருந்தே, "யோசிச்சுச் சொல்றோம் அண்ணே" என்றேன்.

சரோஜாவின் பள்ளி ஆசிரியை ஒருவர்தான் விடுதி உதவியைப் பற்றிச் சொன்னார். மாநிலத்தில் ஒரு நிதிக்குழு இருந்தது. பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேரும் பிள்ளைகளில் வசதி இல்லாதவர்களுக்கு ஓராண்டு விடுதி அறையை அவர்கள் செலவில் கொடுப்பார்கள். முதல் ஆண்டைத் தாண்டிவிட்டால் பிள்ளைகள் எப்படியாவது கரையேறிவிடும் என்பது அவர்கள் கணக்கு. என் அண்ணனைப் பார்த்தவர்கள் போட்ட திட்டமோ என்று நினைத்துக்கொண்டேன். எழுதிப் போட்டோம். உண்மையிலேயே வசதியில்லாதவர்கள்தானா என்று பார்க்க வீட்டுக்கு ஆள் வரும் என்று பதில் வந்தது.

3

அதிகாரி வந்தது ஒரு பகல் வேளை. சொங்கோக் தொப்பி வைத்த மலாய்க்காரர், ஐம்பது வயது மதிக்கலாம், மெதுவாகப் பேசுகிறவர். சாலைப் பக்கமிருந்து வந்ததால் முன்வாசலில் வந்து நின்றார். என் கணவர் பதறிப்போய் அவரை முன்கூடத்தில் செட்டியார் நாற்காலியில் உட்காரவைத்தார். சரோஜா கதவோரம் நின்றாள். நான் காப்பி போட உள்ளே ஓடினேன். காப்பியோடு திரும்பி வருவதற்குள் அதிகாரி எழுந்துவிட்டிருந்தார். தூண்களை ஒருமுறை பார்த்தார். காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"என்ன கேட்டாரு?"

"சும்மா, ரெண்டு கேள்வி" என்றார் கணவர். சரோஜா பின்பக்கம் போய்விட்டாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு லெட்சமி வேலிக்கு அப்பால் வந்து நின்றாள். அவர்கள் சிட்டி சமூகத்தார். நம்மைப் போலவே கோயிலும் பொங்கலும் உண்டு. ஆனால் பல தலைமுறைகளுக்கு முன்பே வந்தவர்கள், வீட்டில் பேசுவது மலாய்தான். லெட்சமி மலாய்க்காரர்போலக் கபாயாச் சட்டை உடுத்திக்கொண்டு, தட்டில் வாழையிலை மூடிய பலகாரத்தோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

செட்டியார் வீட்டை எங்களுக்கே கொடுத்துவிட்டாராமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மலாயில் கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, மெதுவாகத் திரும்பச் சொன்னாள். மதியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது காதில் விழுந்ததாம். இந்த வீடு யாருடையது என்று அந்த ஐயா கேட்டாராம். 'சாயா பூஞ்யா' என்றாராம் என் கணவர். என்னுடையது.

தட்டை வாங்கிக்கொண்டேன்.  உள்ளே போனால் சரோஜா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"ஏன் திருத்திச் சொல்லலை?"

"எப்படிம்மா? அப்பா பக்கத்துல நிக்கிறாரு. அவர் பொய் சொல்றாருன்னு நான் சொல்லவா?"

பொய் என்ற சொல்லை அவள்தான் முதலில் சொன்னாள். அவர் வந்ததும் கேட்டேன். "பேச்சுவாக்கில வந்திருச்சு. எனக்கென்ன மலாய் ஒழுங்கா வருமா" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இரவு அந்தப் பலகாரத்தை மூன்று பேரும் தொடவில்லை.

4

மறுநாள் சரோஜாவும் நானும் பஸ் பிடித்து பண்டார் ஹிலிர் போனோம். நிதிக்குழு அலுவலகம் அங்கே ஒரு மாடியில் இருந்தது. மற்ற பிள்ளைகளும் பெற்றோரும் வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. எங்கள் முறை வந்ததும் அதே அதிகாரி எங்களைப் பார்த்து, "பெரிய வீட்டுக்காரர்களா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அப்படி நம்பித்தான் கேட்டார்.

சரோஜா பேசினாள். மலாயில் தொடங்கி, நடுவில் இங்கிலீஷுக்குப் போய், மறுபடி மலாய்க்கு வந்தாள். பாதி எனக்குப் பிடிபட்டது.

"என் அப்பாவுக்குத் தெரிந்தது கடைத்தெரு மலாய் மட்டும். அதில் எல்லாமே 'சாயா பூஞ்யா'தான். 'சாயா பூஞ்யா தவுக்கே' என்று சொன்னால் என் முதலாளி என்று அர்த்தம். முதலாளி எனக்குச் சொந்தம் என்று அர்த்தமா, சார்?"

அதிகாரி சிரித்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"நன்றாகப் பேசுகிறாய். ஆனால் அவர் என்னிடம் சொன்னதை நான் எழுதிவிட்டேன். பளிங்குத் தரை போட்ட வீட்டுக்கு உதவி கொடுத்தால், ஓலைக்குடிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? சொன்னவர் வந்து சொல்லட்டும். குழு கூடுவதற்கு முன் வரச் சொல்."

திரும்பும் பஸ்ஸில் சரோஜா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பா வரமாட்டாரும்மா. எனக்குத் தெரியும். நான் டீச்சர் டிரெய்னிங் போறேன்லா. செந்தூலுக்கு மட்டும் போகமாட்டேன்."

"உங்கப்பாவைப் பத்தி அந்த ஆளுகிட்ட இங்கிலீஷ்ல என்ன சொன்னே?"

"ஒன்னும் சொல்லலை."

"எனக்கு விளங்காதுன்னுதானே அதுல சொன்னே?"

அவள் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஒரே இருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் பெற்ற பிள்ளையிடம் அவள் சொன்னதன் பொருளைக் கேட்டு நிற்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ரிக்‌ஷா நிற்கிறது. செட்டியாரின் ஏஜெண்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஜாலான் பெண்டஹாராத் தெருவில் கடை வைத்திருப்பவர், எங்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் அவர் கைதான். கணவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். மலாக்கா சின்ன ஊர். லெட்சமி கள்ளங்கபடம் இல்லாமல் யாரிடமோ சொல்லியிருப்பாள், அது கடைத்தெருவுக்குப் போயிருக்கிறது.

"என்ன கருப்பையா, வீட்டுக்காரர் ஆயிட்டியாமே" என்றார் ஏஜெண்டு. குரல் உயரவில்லை. "முதலாளி ஊர்ல இருக்காக. இங்கே சொதந்திரம் வந்திருச்சு, யார் வீடு யாருக்குன்னு அவனவன் பேசிக்கிட்டிருக்கான். இந்த நேரத்துல இப்படி ஒரு பேச்சு அவுக காதுக்குப் போனா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

கணவர் தலைகுனிந்து நின்றார்.  உதவிப்பணத்தோடு போகாது, இருக்கும் அறையும் போய்விடும் போலிருந்தது.

ஏஜெண்டு என்னையும் சரோஜாவையும் பார்த்தார். கொஞ்சம் இளகினார். "சரி விடு. பொம்பளப்புள்ள படிப்பு. அந்த ஆபீசருகிட்ட நானே ஆளனுப்பிச் சொல்லிடுறேன். நம்ம வேலைக்காரன்தான், விவரம் பத்தாது, வாய் தவறிச் சொல்லிட்டான்னு. அதோட முடிஞ்சுது."

எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. கணவர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"வேண்டாங்க. நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

"உனக்கெதுக்கு அந்தச் சங்கடம்?"

"நான் சொன்னதுங்க. நானே சொல்லிக்கிறேன்."

5

அடுத்த நாள் மூன்று பேரும் போனோம். அவர் வெள்ளை வேட்டி கட்டி, தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார்.  பெஞ்சில் காத்திருந்தபோது சரோஜா அவருடைய நல்ல காதுப் பக்கம் குனிந்து சொல்லிக்கொடுத்தாள். "அப்பா, மலாய் சரியா தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லுங்க. அது போதும். மத்ததை நான் பேசிக்கிறேன்."

அவர் கேட்டுக்கொண்டார்.

அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். கணவர் உட்காரவில்லை. அவருக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்: "அந்த வீடு செட்டியுடையது. நான் காவல் மட்டும்."

"அன்றைக்கு உங்களுடையது என்றீர்களே?"

சரோஜா வாயைத் திறந்தாள். கணவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவள் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார்.

"அவர்கிட்ட சொல்லு. நான் பாஷை தெரியாம சொல்லலை. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"அப்பா, வேணாம்" என்றாள் சரோஜா. 

"சொல்லும்மா. அந்த வீட்டுக்காக அடி வாங்கியிருக்கேன். இத்தன வருஷம் கூட்டித் தொடச்சிருக்கேன். அன்னிக்கு எம் மக கதவுகிட்ட நிக்கிறா. யூனிவர்சிட்டிக்குப் போகப்போற புள்ள. அவளை வச்சுக்கிட்டு, நாங்க அடுத்தவன் வீட்டுப் பின்கட்டுல கிடக்கிறோம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதான் சொன்னேன். நான் சொன்னது பொய்தான். அவ அதுல கூட்டு இல்லை. இதை அப்படியே சொல்லு."

 மொழி தெரியாமல் சொன்னது என்றால் மன்னிப்பார்கள். தெரிந்தே பொய் சொன்னேன் என்று அலுவலகத்தில் வந்து சொல்பவனுக்கு யார் உதவி கொடுப்பார்கள்? சரோஜா நினைத்தால் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவருடைய மலாய்க்கு அது எட்டாது. எனக்கு எட்டும் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்றும் தெரியும்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். மலாயில், ஒவ்வொரு சொல்லாக, எதையும் விடாமல், எதையும் கூட்டாமல் சொன்னாள். பின்கட்டு என்பதற்குச் சொல் கிடைக்காமல் ஒரு கணம் நின்றாள். "டப்போருக்குப் பின்னால், ஓர் அறை" என்றாள். அடுக்களைக்குப் பின்னால். பொய் என்ற சொல்லையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அப்படியும் நிறுத்தவில்லை.

அதிகாரி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.  பிறகு கணவரைப் பார்த்து எளிய மலாயில் கேட்டார்: "அப்படியானால் இப்போது ஏன் வந்து சொல்கிறீர்?"

மகள் மொழிபெயர்க்கும் வரை இவர் காத்திருக்கவில்லை. தானே சொன்னார். "அனாக் தீடோர் மானா?"

பிள்ளை எங்கே தூங்கும்? அவ்வளவுதான் கேட்டார்.

குழுவின் முன் வைக்கிறேன், முடிவை என்னால் சொல்ல முடியாது என்றார் அதிகாரி. எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் படியிறங்கினோம்.

அதன்பிறகு காத்திருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. செந்தூலிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. ஏஜெண்டு ஊருக்கு எழுதினாரா இல்லையா என்று தெரியவில்லை. ரிக்‌ஷா சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன். அப்பாவும் மகளும் ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் நேராகப் பார்க்காமல் நடமாடினார்கள். கோபம் இல்லை. அவள் அவருக்குச் சோறு போடும்போது கூடக் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள், அவ்வளவுதான்.

குழு அறையைக் கொடுத்தது. சாப்பாட்டைக் கொடுக்கவில்லை. முதலில் தவறான தகவல் கொடுத்ததற்காகக் குறைத்தார்களா, எல்லாருக்குமே அப்படித்தானா என்று நாங்கள் கேட்கவில்லை. சாப்பாட்டுக்குச் சரோஜா கோலாலம்பூரில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சமாளித்தாள். செட்டியார் வீடு பின்னாளில் விலைபோயிற்று, நாங்களும் வேறு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். அது வேறு கதை.

அவளைக் கொண்டுபோய் விட்ட நாளைச் சொல்லி முடிக்கிறேன். பெண்கள் விடுதிக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. கணவர் வெளியே மரத்தடியில் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெட்டியை இன்னொரு பெண் வந்து தூக்கிக்கொடுத்தாள். நான் மட்டும் மாடிக்குப் போனேன். அறையில் ஒரு கட்டில், மேசை, அதன்மேல் தொங்கும் மின்விளக்கு, சின்ன அலமாரி. அடுத்த அறைப் பெண்கள் எட்டிப் பார்த்து இங்கிலீஷில் என்னவோ கேட்டார்கள். சரோஜா சிரித்துப் பதில் சொன்னாள். எனக்கு அது புரியவில்லை. புரியாதது அன்றைக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கீழே இறங்கி வரும்போது அவள் படிவரை வந்தாள். "அம்மா, போய்ச் சேர்ந்ததும் எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க, படிச்சிருவேன்" என்றாள்.

மரத்தடிக்கு வந்ததும் இவர் எழுந்தார்.

"ரூம் எப்படி?"

"நல்லாருக்கு. ஜன்னல் பெரிசு. காத்து வருது."

"கட்டில் இருக்கா?"

"இருக்கு."

 ஆயுசு முழுவதும் காவல் பார்த்த மனிதர். அவர் கேட்டது அதுதான்.

"கதவைப் பூட்ட முடியுமா? சாவி யார்கிட்ட?"

"அவகிட்டதான். அவ கையிலேயே கொடுத்துட்டாங்க."

"வேற யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்லையே?"

"இல்லை."

மாடி ஜன்னல்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எது அவளுடையது என்று கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, அப்ப நாம போவோம்" என்றார்.